சென்டர் ஸ்டாண்டு

பந்து இப்போது கிஷோர் கையில் இருக்கிறது. நல்லவேளை. அவன் கைக்குப் போனால் லேசில் வெளியே வராது, எல்லா விரலையும் ஒரு சுற்று சொடக்கெடுத்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பான், அதற்குள் நேரம் முடிந்துவிட்டால் என்னிடம் வராமலே போய்விடும், என்னிடம் வந்தால்கூடப் பரவாயில்லை, தங்கச்சி சஷ்மியிடம் போகக் கூடாது, அவளிடம் போனால் எல்லாம் போச்சு. பனியன் வேஸ்டை உருட்டிக் கட்டிய பந்து அது. இங்கே எங்களை உட்கார வைத்துப் பேச வைக்கிற ரெஜினா அக்காவே கட்டினாராம். நாகர்கோவில்காரருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும், கனத்த துணியையும் மெல்லிய துணியையும் கண்டபடி கலந்து சுற்றி வைத்திருக்கிறார், ஒருவருக்கு உருட்டினால் கோணிக்கொண்டு இன்னொருவர் மடியில் போய் விழுகிறது. திருப்பூரில் ஒண்ணாவது படிக்கிற பிள்ளைகூட இதைவிட ஒழுங்காகக் கட்டும். அதையும் இப்போது சொல்ல முடியாது. பந்து இல்லாதவர்களுக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது, அதுதான் இங்கே சட்டம். பந்து கையில் இருக்கிறவர் பேசலாம், பேசப் பிடிக்காவிட்டால் "பாஸ்" என்று சொல்லி உருட்டிவிடலாம், அழுதால் யாரும் சிரிக்கக் கூடாது. சட்டத்தையெல்லாம் சார்ட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் யானை, ஒட்டகம், அணில், ஏனென்றால் இது ஒரு நர்சரி பள்ளியின் மாடி, சனிக்கிழமை மதியம் மட்டும் எங்களுக்கு. எங்களுக்கு என்றால், வீட்டில் அம்மாவை அப்பா அடிக்கிறதைப் பார்த்த பிள்ளைகளுக்கு. அப்படியென்று யாரும் பலகை மாட்டவில்லை. என் வகுப்பில் கேட்டால் டிராயிங் கிளாஸ் என்கிறேன், இங்கே படமும் வரையச் சொல்கிறார்கள், அதனால் அது முழுப் பொய் இல்லை.

"உங்க வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச சத்தம் ஒண்ணு சொல்லணும் மக்களே. வாயால செஞ்சு காட்டினாலும் சரி." இதுதான் ரெஜினா அக்கா இன்றைக்குக் கேட்டது. பிடித்த கலர், பிடித்த சாப்பாடு என்று கேட்டிருந்தால் சட்டென்று ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சத்தமாம். எந்த வீட்டுச் சத்தம்? இப்போது ஒண்டியிருக்கிற பெரியம்மா வீட்டுச் சத்தமா, இன்றைக்குச் சாயங்காலம் போகப்போகிற எங்கள் வீட்டுச் சத்தமா? அதைத்தான் யாரும் கேட்கக் கூடாது. இங்கே வரும்போது பஸ்ஸில் அம்மா எங்கள் இரண்டு பேர் தலையையும் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். "கிளாஸ் முடியறப்ப அப்பா அங்க வந்துருவாரு. நாம நம்மூட்டுக்குப் போறோம். ரெஜினாக்காகிட்ட ரெண்டு பேரும் மூச்சு உடப்படாது." ஏனுங்ம்மா என்று கேட்டேன். "வேண்டாம்பாங்க. ஆளாளுக்குப் புத்தி சொல்லுவாங்க. ஊட்டுக்குப் போனதுக்கப்புறம் நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்." அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கீழே செருப்பு விடுகிற இடத்தில் எங்கள் பெரிய பையைப் பார்த்துவிட்டு ரெஜினா அக்கா, "என்ன மக்களே, ஊருக்கா?" என்று கேட்டார், அம்மா உடனே, "இல்லீங், இஸ்திரிக்குக் குடுக்கற துணிங்" என்றாள். இஸ்திரித் துணியில் யாராவது பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைப்பார்களா, எங்கள் பிரஷ்கள் ஓரத்துப் பையில் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. ரெஜினா அக்கா பிரஷ்ஷைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார். இப்போது அம்மா கீழே மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாள். டீ இறங்குமோ என்னவோ.

கிஷோர் இன்னும் சொடக்கெடுக்கிறான். எதிரே சஷ்மி சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கா தங்கையைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள், ஒருத்தி வாயை இன்னொருத்தி பொத்திவிடுவாளாம். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தால் இந்நேரம் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியிருப்பேன். ரகசியம் அவள் வாயில் ஜவ்வுமிட்டாய் மாதிரி, கன்னம் உப்பியே காட்டிக்கொடுத்துவிடும். ரெண்டாவது படிக்கிறாள், அவளுக்கு அப்பா என்றால் பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போவது. எனக்கும் ஒரு காலத்தில் அதுதான். பிறகு நான் வளர்ந்து, டேங்க் மேல் கொள்ளாமல் பின்னால் போய்விட்டேன், முன்னால் அவள் வந்தாள், பின்னால் உட்கார்ந்தவளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. காது வேலை. எங்கள் தெருமுனையில் பைக் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும், எத்தனை பைக் வந்தாலும் அப்பா பைக் தனியாகக் கேட்கும். ஆனால் வருகிறதில் ஒன்றும் தெரியாது, நிற்கிறதில்தான் தெரியும். சைடு ஸ்டாண்டு என்றால் குதிகாலால் ஒரு உதை, சடக் என்று கேட்கும், அவ்வளவுதான், வண்டி சாய்ந்து நிற்கும், ஆள் உள்ளே வந்துவிடுவார். சென்டர் ஸ்டாண்டு என்றால் இறங்கி நின்று, காலால் அழுத்தி, வண்டியைப் பின்னால் தூக்கி இழுக்க வேண்டும், டொம் என்று கேட்கும். அதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை இருக்கிற நாளில் அடி கிடையாது. சடக் கேட்டால் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சஷ்மியைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார வைத்துப் போர்வையால் மூடி, டிவியைச் சத்தமாக வைத்து, அடுப்பில் கொதிக்கிறது எதுவானாலும் இறக்கிச் சிங்க்கில் வைத்துவிடுவேன். ரசம் கொதிக்கிற வீட்டில் அதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "சைடும்மா" என்பேன், "சென்டரும்மா" என்பேன், அம்மா முகம் அதற்குத் தகுந்த மாதிரி மாறும். பெரிய கண்டுபிடிப்பு என்று மனசுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

அம்மா கை ஒடிந்த அன்றைக்கு என்ன ஸ்டாண்டு? தெரியவில்லை. கேட்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்திருக்கும். விடு. போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டு வாசலில் பைக் வந்து நின்றபோது நானும் அம்மாவும் சமையல்கட்டில் இருந்தோம். அம்மா வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டாள், நான் குழாயை மூடினேன், இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். டொம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா கண்ணு? நீதான சொல்லுவே." பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளை மாதிரி இருந்தது அம்மா முகம். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது, டொம் என்றுதான் கேட்டது. பிறகு அப்பா கூடத்தில் உட்கார்ந்து அழுதார், கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணிவிட்டு வந்ததாகச் சொன்னார், பெரியம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், அப்பா என்னைப் பார்த்து, "ஏனுங் அம்மிணி, அப்பாகூடப் பேசமாட்டீங்ளா?" என்றார். அப்பாவை எனக்குப் பிடிக்கும். அதுதான் அசிங்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாதது அந்த அடி இல்லை, இதுதான். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது அம்மா மெதுவாக, "சென்டர் ஸ்டாண்டு போட்டுத்தான நிறுத்துனாரு" என்று மறுபடியும் சொன்னாள், என்னிடம் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. கற்பூரத்தைவிட அம்மா என் காதைத்தான் நம்பினாள். என் காதை நம்பித்தான் பை கட்டியிருக்கிறாள். கை ஒடிந்த அன்றைக்கு மழை பெய்ததோ? மழையில் கேட்டிருக்காது. மழை இல்லை. விடு என்றால் விட மாட்டேன் என்கிறது.

கிஷோர் வாயைத் திறந்துவிட்டான். "எனக்கு கரண்ட் வர்ற சத்தம் புடிக்கும். கரண்ட் போயிட்டு வர்றப்ப ஃபேன் சுத்தும்ல, அது." அவ்வளவுதான். அதற்கா இத்தனை சொடக்கு. ரெஜினா அக்கா, "அழகா இருக்கே" என்கிறார், எதைச் சொன்னாலும் அவருக்கு அழகாகத்தான் இருக்கும். கிஷோர் பந்தை ஆயிஷாவுக்கு உருட்டுகிறான், ஆயிஷா எங்கள் எல்லோரையும்விடப் பெரியவள், பத்தாவது, அவளுக்குப் போனால் கொஞ்ச நேரம் ஓடும், போ, நேராகப் போ, ஆயிஷாவிடம் போ. பந்து பாதியில் கோணுகிறது. கனம் இருக்கிற பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சஷ்மியின் முட்டியில் இடித்து நிற்கிறது. போச்சு. அவள் இரண்டு கையாலும் அள்ளி எடுத்துக்கொள்கிறாள். என்னைப் பார்க்கிறாள். நான் கண்ணை உருட்டுகிறேன். வாயை இறுக்கிக் காட்டுகிறேன். சொல்லிடாதடி, பாஸ்னு சொல்லுடி, உனக்குப் புடிச்சது மிக்ஸி சத்தம்னு சொல்லுடி. நான் ஏன் இப்படிப் பதறுகிறேன்? அவள் சொன்னால் என்ன ஆகும்? ரெஜினா அக்கா கீழே போய் அம்மாவிடம் பேசுவார், அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், அப்பா வெளியே காத்திருப்பார், காத்திருந்து காத்திருந்து அவர் பொறுமை போய்விட்டால்? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போவோம். எது மேல் என்று எனக்கே தெரியாமல் அவள் வாயை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

"எனக்குப் புடிச்சது," என்கிறாள் சஷ்மி, பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிக்கிறாள், "டுர்ர்ர்ர்..." பைக். அச்சு அசல் அப்பா பைக், தெருமுனையில் கியர் குறைக்கிற இடம், ஸ்பீடு பிரேக்கரில் ஒரு குலுக்கல், வாசல் வந்ததும் கடைசியாக ஒரு முறுக்கு, நிறுத்தம். என் முதுகு தன்னால் நிமிர்ந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை வாயால் ஓட்டுகிற வண்டிக்கு முதுகு நிமிர்கிறது, நல்ல கூத்து. ஆனால் அப்போதுதான் பார்க்கிறேன், என் முதுகு மட்டும் இல்லை. கிஷோர் விரலை விட்டுவிட்டான். ஆயிஷா கதவைப் பார்க்கிறாள். மூலையில் எப்போதும் தூங்கி வழிகிற பையன்கூடக் கண்ணைத் திறந்துவிட்டான். வட்டத்தில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சஷ்மி பல்லைக் கடித்து, வண்டியைத் தூக்கி இழுக்கிற மாதிரி தோளைக் குலுக்கி, "டொம்!" என்கிறாள். எல்லோருக்கும் ஒன்றாக மூச்சு இறங்குகிறது. "சென்டர் ஸ்டாண்டு," என்று கிஷோர் முணுமுணுக்கிறான், பந்து இல்லாமலே. என் கண்டுபிடிப்பு. நான் மட்டும் கண்டுபிடித்தது என்று வைத்திருந்தேனே. "எங்கூட்டுல கேட்டு. கேட்டைச் சாத்திட்டு வந்தா ஒண்ணுமில்லை, தெறந்தே போட்டுட்டு வந்தா அன்னைக்கு இருக்குது" என்கிறான் அவன். ரெஜினா அக்கா சட்டத்தை ஞாபகப்படுத்தவில்லை, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆயிஷா சிரிக்கிறாள், சந்தோஷமான சிரிப்பு இல்லை. "அதையெல்லாம் நம்பாதீங்க. அத்தா சாவிய ஆணியில மாட்டுனா நல்ல நாளு, டேபிள்மேல வீசுனா கெட்ட நாளுன்னு நானும் நெனச்சுட்டுத்தான் இருந்தேன். அம்மா தலையில தையல் போட்டாங்கள்ல, அன்னைக்கு ஆணியிலதான் மாட்டுனாரு."

வேண்டாம். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் ஆயிஷா. எங்கேயோ பெரிதாக ஏதோ நின்ற மாதிரி இருக்கிறது, ஃபேன் சுற்றி அடங்குகிறது, கரண்ட் போய்விட்டது, பக்கத்துக் கட்டடத்தில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும் நிட்டிங் மெஷின்களும் நின்றுவிட்டன. இவ்வளவு அமைதியாக இந்த இடத்தை நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் டிவி ஓடவில்லை. மழையும் இல்லை. அப்பா காளான் வாங்கி வந்திருந்தார். தள்ளுவண்டிக் காளான், பொட்டலம் சூடாக இருந்தது, மேலே வெங்காயம் தூவி. "அம்மிணி, தட்டு எடுத்துட்டு வாங்க" என்றார், நான் சமையல்கட்டில் ஸ்பூன் தேடிக்கொண்டிருந்தேன், சஷ்மி பீரோவுக்குப் பின்னால் இல்லை, கூடத்திலேயே இருந்தாள், அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது, நான் இறக்கவில்லை. ஏன் இறக்கவில்லை? ஏன் அவளை ஒளித்து வைக்கவில்லை? டொம் என்று கேட்டது. அதனால்தான். டொம் என்று கேட்டதால் நிம்மதியாக ஸ்பூன் தேடினேன். அம்மா போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், போனில் யாரு என்று அப்பா கேட்டார், ஒருதரம்தான் கேட்டார், பிறகு கதவு. அம்மா கை கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தது. ஸ்பூனோடு நான் வந்து நின்றபோது சஷ்மி காளான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், கீழே போடவில்லை, கெட்டியாகப் பிடித்திருந்தாள். சென்டர் ஸ்டாண்டு. அன்றைக்கும் சென்டர் ஸ்டாண்டுதான். இத்தனை நாள் இதைச் சுற்றிச் சுற்றி வந்து ஞாபகம் இல்லை ஞாபகம் இல்லை என்றிருந்தேன். இருந்தது. ஸ்டாண்டில் ஒன்றும் இல்லை. பொறுமையும் இல்லை, கோபமும் இல்லை, அது வண்டியை நிறுத்துகிற ஒரு இரும்பு. அதை வைத்துக்கொண்டு நான் அம்மாவுக்கு நல்ல நாள் கெட்ட நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அம்மா அதைக் கேட்டுப் பை கட்டியிருக்கிறாள். பயமாக இருக்கிறது.

படியில் செருப்பில்லாத கால்கள். கீழே இருட்டு, புழுக்கம் என்று அம்மாக்கள் மேலே வருகிறார்கள். எங்கள் அம்மா முதலில் வந்து கதவருகில் நிற்கிறாள், பை ஏற்கெனவே தோளில் இருக்கிறது, பிரஷ்களும் இருக்கின்றன. மெஷின் சத்தம் இல்லாததால் தெரு முழுக்கக் கேட்கிறது. யாரோ சோடா வண்டியைத் தள்ளுகிறார்கள். அதற்கு அந்தப்பக்கம், முனையில், கியர் குறைக்கிறது. சஷ்மிக்கு முன்னால் எனக்குக் கேட்டுவிட்டது. பிறகு சஷ்மிக்கு. பிறகு எல்லோருக்கும், ஏனென்றால் இப்போது எல்லோருக்கும் அந்த வண்டி தெரியும். ஸ்பீடு பிரேக்கர். கடைசி முறுக்கு. நிறுத்தம். யாரும் அசையவில்லை. டொம். எவ்வளவு பதமாகப் போட்டிருக்கிறார், தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி. அம்மா என்னைப் பார்க்கிறாள். பெரியம்மா வீட்டுச் சமையல்கட்டில் பார்த்த அதே பார்வை, புருவத்தை லேசாகத் தூக்கி, கேட்டியா கண்ணு என்று. நான் தலையாட்ட வேண்டும். அதற்குத்தான் காத்திருக்கிறாள். சஷ்மி எழுந்து வட்டத்துக்கு நடுவில் ஓடிவந்து பந்தை என் மடியில் வைக்கிறாள், உருட்டினால் போய்ச் சேராது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "அக்கா, உம்பட சத்தம் சொல்லு. சீக்கிரம் சொல்லு, அப்பா வந்துட்டாரு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள். ரெஜினா அக்கா அம்மாவைப் பார்க்கிறார், பையைப் பார்க்கிறார், என்னைப் பார்த்து, "பாஸ் சொல்லணும்னாலும் சொல்லலாம் மக்களே" என்கிறார்.

பாஸ் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு எழுந்து, செருப்பு மாட்டி, பின்னால் உட்கார்ந்து, அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம், வழியில் காளான் வாங்கித் தருவார். பந்து கனமாக இருக்கிறது. எனக்கு வாய் வந்துவிட்டது, இனிமேல் மற்றவர்களுக்குக் காது மட்டும்தான், அம்மாவுக்கும்கூட. "அம்மா கை ஒடிஞ்ச அன்னைக்கும் சென்டர் ஸ்டாண்டுதானுங்" என்கிறேன். ரெஜினா அக்காவுக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்து அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லி முடிக்கிறேன். "நான் சொன்னதெல்லாம் தப்புங்ம்மா. அதுல ஒண்ணுமே தெரியாதுங்ம்மா. எனக்கு அங்க வர பயமா இருக்குது." என் குரல் மாதிரி இல்லை. சின்னதாக இருக்கிறது, சஷ்மி குரல் மாதிரி. அம்மா புருவம் இறங்குகிறது. அவள் மனசுக்குள் எங்கேயோ போய்த் தேடுகிறாள், எனக்குத் தெரியும் எங்கே என்று, காளான் பொட்டலத்துக்கும் பாலுக்கும் முன்னால், வாசலில் போய் நின்று கேட்கிறாள். கேட்டுவிட்டாள். கீழே ஹாரன் அடிக்கிறது, சின்னதாக, மரியாதையாக. சஷ்மி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்க்கிறாள், அழப்போகிறாள். அம்மா தோளிலிருந்து பையை இறக்கிச் சுவரோரம் வைக்கிறாள். வட்டத்துக்கு வருகிறாள். ஆயிஷா தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறாள். அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஜமுக்காளத்தில் எங்களோடு உட்கார்ந்து, சஷ்மியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வலது கையை என்னிடம் நீட்டுகிறாள். அந்தக் கை இன்னும் முழுசாக நீளாது, முழங்கையில் மடங்கியே நிற்கும். அம்மாக்களுக்குப் பந்து கொடுக்கலாமா என்று சார்ட்டில் எழுதவில்லை. மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை நீளமாக, கையை எடுக்காமல் அடிக்கிறார். நான் முட்டிபோட்டு நகர்ந்து போய் அந்த மடங்கின கை எட்டுகிற இடத்தில் வைக்கிறேன். பந்து இப்போது அம்மா கையில் இருக்கிறது.